எந்த விபத்தில் வந்த வலி?



ஒருவருக்கு முதுகில் வலி. அவர் ஏறத்தாழ ஒன்றேகால் ஆண்டு இடைவெளியில் இரண்டு சாலை விபத்துகளில் சிக்கியவர். அவருடைய வலி எந்த விபத்தால் வந்தது? இதுவே இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட வினா. கேட்பதற்கு எளிய வினாதான். ஆனால் மருத்துவரும் வழக்கறிஞரும் நீதிபதியும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இதனோடு மல்லாடி வருகிறார்கள். இழப்பீட்டு வழக்குகளில் பல ஏழைக் குடும்பங்களின் எதிர்காலம் இந்த ஒரு வினாவில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பழைய மாணவர் ஒருவர் என் வீட்டிற்கு வந்தார். சோமனூர்ப் பக்கத்தில் விசைத்தறி ஓட்டுபவர். கையில் ஒரு துணிப்பை. பை நிறையத் தாள்கள். நாற்காலியைக் காட்டி அமரச் சொன்னேன். "நின்னுக்கறனுங்க ஐயா. உக்காந்தா எந்திரிக்க நேரமாகுதுங்க" என்றார். நாற்பது வயது கடந்து சில ஆண்டுகளே ஆன மனிதர் அவர்.

அவர் கதை இது. 2016-ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் சூலூருக்கு அருகே ஒரு பால் வண்டி உரசியதால் இருசக்கர வண்டியோடு சாய்ந்து விழுந்தார். பால் வண்டிக்காரர் நிற்கவில்லை. இவரும் காவல் நிலையம் செல்லவில்லை. முதுகில் பிடிப்பு இருந்தது. பக்கத்து ஊர் வைத்தியரிடம் எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டுக்கொண்டு, ஒரு வாரம் படுத்திருந்துவிட்டுத் தறிக்குத் திரும்பினார். 2018 தை மாதத்தில் அவிநாசி சாலையில் பின்னாலிருந்து ஒரு கார் மோதியது. இம்முறை 108 ஊர்தி வந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். முழங்கையிலும் முழங்காலிலும் சிராய்ப்பு என்று எழுதி, மருந்திட்டு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் காலையில் இடுப்பிலிருந்து இடது பாதம் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல ஒரு வலி இறங்கியது. மீண்டும் அதே மருத்துவமனைக்குச் சென்றார். ஆறு வாரத்திற்குப் பின்னும் வலி தீராததால் வேறொரு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். இடுப்புப் பகுதியில் இடைத்தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துவது தெரிந்தது.

இழப்பீடு கேட்டு மனுச் செய்தார். காப்பீட்டு நிறுவனம் எதிருரை தாக்கல் செய்தது. அதில் மூன்று வாதங்கள் இருந்தன. விபத்து நாளன்று எழுதிய பதிவில் முதுகைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பது ஒன்று. படத்தில் வேறு இரண்டு தட்டுகளும் தேய்ந்து காணப்படுகின்றன, தேய்மானம் ஒரு நாளில் வருவதன்று என்பது மற்றொன்று. மூன்றாவதுதான் கூர்மையானது. எம்.ஆர்.ஐ. எடுத்த மருத்துவமனைக் குறிப்பில், "நோயாளிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு முதுகு வலி இருந்தது" என்று மருத்துவரே எழுதியிருந்தார். மருத்துவர் கேட்டார், இவர் உள்ளதைச் சொன்னார், அவர் எழுதினார். அவ்வளவுதான்.

வேண்டியவர் ஒருவர் இவருக்கு ஒரு வழி சொல்லியிருந்தார். பால் வண்டி விபத்துக்குக் காவல் நிலையத்தில் பதிவு இல்லை, சாட்சி இல்லை. மருத்துவர் தவறாக எழுதிவிட்டார் என்று கூண்டில் சொல்லிவிட்டால் முடிந்தது! என் மாணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நான் பொய் சொல்லோணும்னு வரலீங்க ஐயா. கேக்காததைச் சொல்லாம இருந்தா அது பொய்யாகுங்களா?"

முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆசிரியப் பணியில் இருந்தவன் நான். இருந்தும் அந்த வினாவுக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. தாள்களை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அவற்றைப் படிப்பதற்காகச் சிலவற்றை நான் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று. கற்றதில் ஒரு பகுதியை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் முதுகைப் பார்ப்போம். நம் முதுகுத் தண்டு ஒரே எலும்பன்று. 33 முள்ளெலும்புகளின் அடுக்கு. அவற்றுள் மேலுள்ள 24 தனித்தனியே அசையக்கூடியவை. அசையும் எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்த தட்டுகள் 23 உள்ளன. நம் ஊரில் "சவ்வு விலகிவிட்டது" என்று சொல்கிறோமே, அந்தச் சவ்வு இதுதான். உண்மையில் அது விலகுவதில்லை. நுங்கை எண்ணிப் பாருங்கள். வெளியே கெட்டியான பகுதி, உள்ளே கூழ்போன்ற பகுதி. தட்டும் அத்தகையதே. வெளிவளையம் கிழிந்தாலோ, தட்டு எலும்போடு ஒட்டியிருக்கும் விளிம்பு பெயர்ந்தாலோ உட்கூழ் பின்னோக்கிப் பிதுங்கி நரம்பை அழுத்தும். அழுத்தினால் வலி காலுக்கு இறங்கும். இந்த உண்மையை அமெரிக்காவில் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் 1934-இல்தான் தெளிவாக எடுத்துக் காட்டினார்கள்.

இத்தட்டுகளை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர்களுள் ஒருவர் நம் கோயம்புத்தூரிலேயே இருக்கிறார் என்பதைப் பெருமையோடு சொல்ல வேண்டும். கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். இராஜசேகரன் அவர்களும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று பன்னாட்டுப் பரிசு பெற்றது. வளர்ந்த மனிதனின் இடைத்தட்டுக்குள் இரத்தக் குழாய் இல்லை. அது தன் உணவை அடுத்துள்ள எலும்பின் தகட்டு வழியாகக் கசிந்து வருவதிலிருந்தே பெறுகிறது. அந்தக் கசிவைப் பல மணி நேரம் தொடர்ந்து படமெடுத்து அவர்கள் கண்டார்கள். 2013-இல் இன்னோர் ஆய்வு. தட்டுப் பிதுங்கிய 181 பேரை ஆராய்ந்ததில், பெரும்பாலோரிடம் கோளாறு தொடங்கிய இடம் வெளிவளையம் அன்று, தட்டும் எலும்பும் ஒட்டும் விளிம்பே என்று தெரிந்தது. அந்த விளிம்பு சில வேளைகளில் வலிமையான ஒரு மோதலால் பெயரும். சில வேளைகளில் முன்னரே நலிந்திருந்து குனிந்து ஒரு குடத்தைத் தூக்கும்போதே பெயர்ந்துவிடும். படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே காணும்.

இங்கேதான் சிக்கல். எலும்பு முறிந்திருந்தால் ஓரளவு நாள் குறிக்கலாம். புதிதாக நொறுங்கிய முள்ளெலும்பின் உள்ளே நீர் கோத்து எம்.ஆர்.ஐ. படத்தில் ஒளிரும், மாதங்கள் செல்லச் செல்ல அந்த ஒளி மறையும். ஆகவே புதிய முறிவா, பழைய முறிவா என்று மருத்துவர் சொல்லிவிடலாம். இடைத்தட்டில் அவ்வாறு தேதி எழுதியிருப்பதில்லை. இதற்கு மேலும் ஒரு வியப்பு உண்டு. 1994-இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் எல்லாத் தட்டுகளும் பழுதின்றி இருந்தவர்கள் நூற்றுக்கு 36 பேர் மட்டுமே! பாதிக்கு மேற்பட்டவர்களிடம் ஏதேனும் ஒரு தட்டாவது புடைத்திருந்தது. வலி இல்லை; ஆனால் படத்தில் பழுது உண்டு. எனவே படத்தை மட்டும் உயர்த்திக் காட்டி, "பாருங்கள், விபத்து செய்த கேடு" என்று மனுதாரர் சொன்னாலும் அது முழு உண்மை ஆகாது. "பாருங்கள், பழைய தேய்மானம்" என்று நிறுவனம் சொன்னாலும் அது முழு உண்மை ஆகாது. தேய்மானம் இருந்தும் வலியின்றி வாழ்வோர் கோடிக்கணக்கானவர் அல்லரோ?

இந்த வழக்காடல் மோட்டார் வண்டிக்கும் மூத்தது. இங்கிலாந்தில் இரயில் பரவிய காலத்தில், விபத்தில் தப்பியவர்கள் பலர் வெளிக்காயம் ஒன்றும் இல்லாமலே முதுகு வலி, நடுக்கம், உறக்கமின்மை என்று துன்புற்றார்கள். இலண்டனில் பேராசிரியராக இருந்த எரிக்சன் என்ற அறுவை மருத்துவர் 1866-இல் ஒரு நூல் எழுதி, அதிர்ச்சியால் முதுகுத் தண்டே பாதிக்கப்படுகிறது என்று வாதிட்டார். "இரயில் முதுகு" என்றே அந்நோய்க்குப் பெயர் வழங்கிற்று. 1883-இல் ஹெர்பர்ட் பேஜ் என்பவர் மறுப்பு நூல் எழுதினார்: தண்டில் காயம் ஏதும் இல்லை, அச்சத்தின் விளைவே பெரும்பாலும் என்றார். இந்தப் பேஜ் ஓர் இரயில் நிறுவனத்தின் மருத்துவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட்டது 1895-இல். ஆக, இருவரும் உள்ளே பார்க்க வழியில்லாமலே ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டிருந்தார்கள். இன்று உள்ளே பார்க்கிறோம், வழக்காடல் நின்றபாடில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு 1920-இல் ஜி.டி. நாயுடு அவர்கள் பேருந்து ஓட்டத் தொடங்கிய காலம் முதல் கொங்கு நாடு மோட்டார் நாடு என்றே சொல்லத்தக்கதாயிற்று. வண்டி பெருகினால் விபத்தும் பெருகும். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 1956-இல் செய்த திருத்தத்தால் விபத்து இழப்பீட்டுக்கெனத் தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க வழி பிறந்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தொடர்ந்தது. விபத்து நடந்த இடத்திலோ, தாம் வாழும் இடத்திலோ உள்ள தீர்ப்பாயத்தில் அடிபட்டவர் மனுச் செய்யலாம்.

அங்கே மெய்ப்பிக்கும் பொறுப்பு கேட்பவருடையது. ஆயினும் கொலை வழக்கில் வேண்டுவதுபோல ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. எது நடந்திருப்பதற்கு வாய்ப்பு மிகுதி என்று காட்டினால் போதும். 2009-இல் பிமலா தேவி வழக்கில் உச்சநீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. இன்ன பேருந்தால் இன்ன முறையில் விபத்து நேர்ந்தது என்பதைக் கறாராக மெய்ப்பிக்க எளியவரால் இயலாமற் போகலாம். இருபக்கச் சான்றுகளையும் தராசில் இட்டுப் பார்க்கும்போது எந்தத் தட்டுத் தாழ்கிறது என்று பார்த்தால் போதும் என்பது அத்தீர்ப்பின் கருத்து. 2011-இல் இரவி என்ற சிறுவனின் வழக்கில், காவல் நிலையத்தில் புகார் தாமதமாகக் கொடுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக மனுவைத் தள்ளலாகாது என்றும் அந்நீதிமன்றம் கூறியது. அடிபட்டவனைக் காப்பாற்ற ஓடுவார்களா, காவல் நிலையத்துக்கு ஓடுவார்களா?

தராசு என்றேன். தராசில் இட வேண்டிய படிக்கற்கள் எவை? பெரும்பாலும் தாள்களே. நம் மருத்துவமனைகளில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று உண்டு. அடிபட்டவர் எந்நேரம் வந்தார், யார் அழைத்து வந்தார், எங்கே, எப்படி அடிபட்டதாகச் சொல்கிறார், உடலில் என்னென்ன காயம் என்பவற்றைப் பணியிலுள்ள மருத்துவர் அதில் எழுதுவார். "கார் மோதியதாகச் சொல்லப்படுகிறது" என்று எழுதினால் ஒரு வழக்கு. "தானே விழுந்ததாகச் சொல்லப்படுகிறது" என்று எழுதிவிட்டால் வேறொரு வழக்கு. வலியில் முனகுகிறவர் சொல்வதை அழைத்து வந்தவர் தம் சொல்லில் சொல்ல, அதை மருத்துவர் விரைவில் சுருக்கி எழுத, அந்த ஒரு வரியின் மேல் மூன்று ஆண்டு வழக்கு நடப்பதுண்டு. அதன்பின் முதல் தகவல் அறிக்கை, மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டிகளைப் பார்த்து எழுதும் அறிக்கை, காயச் சான்றிதழ், மருத்துவமனையிலிருந்து விடுவிக்கும்போது தரும் குறிப்பு.

இத்தாள்களின் மதிப்பு எதனால்? அவை வழக்கு என்று ஒன்று முளைக்கும் முன்பே, வழக்கில் ஆதாயம் இல்லாதவரால் எழுதப்பட்டவை என்பதனால். பள்ளி வருகைப் பதிவேட்டை எண்ணிக்கொள்ளுங்கள். முதல் மணி அடித்தவுடன் பெயர் கூப்பிட்டு இட்ட குறிக்கு ஒரு மதிப்பு உண்டு. மாதக் கடைசியில், ஆய்வாளர் வருகிறார் என்று கேள்விப்பட்டு ஒரே மையில் ஒரே மூச்சில் நிரப்பிய பக்கத்தைப் பார்த்தவுடனேயே தெரிந்துவிடும். நான் இரண்டு வகைப் பதிவேடுகளையும் பார்த்தவன்.

விபத்துக்குப் பல மாதங்கள் கழித்து, மருத்துவம் செய்யாத ஒரு மருத்துவர் ஒரே பார்வையில் எழுதித் தரும் ஊனச் சான்றிதழ் அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இதனை 2010 அக்டோபரில் ராஜ்குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் கடுமையாகவே எடுத்துச் சொல்லிற்று. அத்தீர்ப்பில் இன்னும் ஒரு தெளிவு உண்டு. உடலின் ஊனம் வேறு. பிழைப்பின் இழப்பு வேறு. இடது கையை இழந்தவர் தச்சர் என்றால் பிழைப்பே போய்விட்டதற்கு ஒப்பாகும். அலுவலக எழுத்தர் என்றால் வேலை நிலைத்திருக்கலாம். கை ஒன்றுதான்; இழப்பு ஒன்றன்று. முதுகுக்கும் இது பொருந்தும். பாவு உருளையைத் தூக்கிப் பொருத்தி, நாள் முழுதும் தறிகளுக்கிடையே நின்று உழைப்பவரின் முதுகும், நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதுபவரின் முதுகும் சந்தையில் ஒரே விலை பெறுவதில்லை.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. போலி மனுக்கள் உண்டு. வீட்டில் வழுக்கி விழுந்ததைச் சாலை விபத்தாக்குவோரும் உண்டு. நிறுவனம் கொடுக்கும் பணம் நாமெல்லாம் ஆண்டுதோறும் கட்டும் காப்பீட்டுத் தொகையே அன்றோ? ஆகவே, "இந்த வலிக்கு இந்த விபத்துதான் காரணமா?" என்று அவர்கள் கேட்பது குற்றமாகாது. அதை எல்லோரிடமும் ஒரே எதிருரையாக அச்சடித்தாற்போலக் கேட்பதுதான் வருத்தத்துக்குரியது.

இனி இரண்டு விபத்துகளின் கணக்குக்கு வருவோம். இதில் வெளிநாட்டு வழக்குகள் மூன்று சுவையானவை. அவை நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவன அல்ல. ஆனால் சிந்தனைக்கு வழிகாட்டுவன.

1961-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கில், ஒரு ரோல்ஸ்-ராய்ஸ் காரின் மேல் ஒருவர் மோதியிருந்தார். காரின் கீழ்ப்பகுதிக்கு மறுவண்ணம் பூச வேண்டியதாயிற்று. செலவு 75 பவுன். ஆனால் இரண்டு வாரங்களுக்கு முன்பே வேறொருவர் மோதியதால் அதே காருக்கு அதே மறுவண்ணம் தேவைப்பட்டிருந்தது. முதல்வர் பணம் தரவில்லை. எனவே உரிமையாளர் இரண்டாமவர்மேல் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஏற்கெனவே வண்ணம் பூச வேண்டிய நிலையில் இருந்த காரைத்தான் இவர் இடித்தார். இவரால் புதிய செலவு ஏதும் வரவில்லை என்றது. காருக்கு இது சரி. முதுகு கார் அன்றே!

இரண்டாவது, 1973-இல் ஓர் இறைச்சிக் கடை ஊழியர் வேலையிடத்தில் வழுக்கி விழுந்து முதுகில் அடிபட்டார். சம்பாதிக்கும் ஆற்றலில் பாதி போயிற்று. 1976-இல் விபத்தோடு தொடர்பற்ற தண்டுவட நோய் ஒன்று அவருக்கு வந்து முழுவதுமாக முடக்கிவிட்டது. 1981-இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது: கடைக்காரரின் பொறுப்பு அந்த நோய் வந்த நாளோடு முடிகிறது. எப்படியும் வரவிருந்த நோய்க்கு அவர் பொறுப்பாளர் அல்லர்.

மூன்றாவதுதான் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. கனடாவில் ஏதி என்பவர் 1991 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு கார் விபத்துகளில் சிக்கினார். அதற்கு முன்பே முதுகுக் கோளாறு உள்ளவர். உடல் தேறிவருகையில், மருத்துவர் சொற்படி உடற்பயிற்சி நிலையம் சென்றார். அங்கே உடலை மெல்ல வளைத்தபோதே தட்டுப் பிதுங்கிவிட்டது! முதல் நீதிபதி, விபத்துகளின் பங்கு நூற்றுக்கு 25 என்று கொண்டு இழப்பில் காற்பங்கை வழங்கினார். 1996-இல் கனடா உச்சநீதிமன்றம் அதை மாற்றி முழுவதையும் வழங்கியது. பழைய நலிவு தானாகவே ஒருநாள் இந்த நிலைக்கு வந்திருக்கும் என்பதற்குச் சான்று இருந்தால் குறைக்கலாம். நலிவு இருந்தது என்பதற்காக மட்டும் குறைக்கலாகாது. விபத்தும் ஒரு மெய்யான காரணமாக இருந்தால் விபத்து செய்தவரே பொறுப்பு என்றது. மண்டை ஓடு மெல்லியதாக இருந்தால் அதை இடித்தவர், "கெட்டியான மண்டையாக இருந்திருக்கலாமே" என்று சொல்லித் தப்ப முடியாது என்பது சட்டத்தில் பழைய கொள்கை.

எனக்கு இவ்வழக்கைப் படித்தபோது எங்கள் தோட்டத்துக் கவலை நினைவுக்கு வந்தது. மாடு பூட்டிப் பறியில் நீர் இறைத்த நாட்களை என் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். பறியைத் தாங்கும் வடம் நாளாக நாளாகப் புரி புரியாகத் தேயும். தேய்ந்த வடமும் பருவம் முழுவதும் நீர் இறைத்துக் கொடுக்கும். ஒருநாள் யாரோ மாட்டை வெருட்ட, அது துள்ளி இழுக்க, வடம் அறும். அறுந்ததற்குக் காரணம் தேய்மானமா, துள்ளலா? தேய்மானம் இல்லையென்றால் அறுந்திராது. துள்ளல் இல்லையென்றால் அன்று அறுந்திராது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "வடம் பழையதா?" என்பது அன்று. "நேற்று வரை அது நீர் இறைத்ததா?" என்பதே.

இந்தக் கேள்வி மனத்தில் எழுந்தபோது என் மாணவரை மீண்டும் வரச் சொன்னேன். "முதல் விபத்துக்கும் இரண்டாம் விபத்துக்கும் நடுவில் எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை?" என்று வினவினேன். "ஒரு வாரத்துக்கப்புறம் ஒரு ஷிப்ட்டும் விடலீங்களே!" என்றார். சான்று உண்டா? அவர் சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, "கூலி நோட்டு இருக்குங்க" என்றார்.

விசைத்தறியில் கூலி, நெய்த மீட்டருக்கு. ஒவ்வொரு வாரமும் எத்தனை மீட்டர், எவ்வளவு பற்று, எவ்வளவு மீதி என்று தறி உரிமையாளர் எழுதிக் கையெழுத்திடுவார். நூறு பக்க நோட்டு மூன்று. எண்ணெய்க் கறையும் பஞ்சுத் தூசும் படிந்தவை. அவற்றைப் புரட்டினேன். 2016 ஐப்பசியில் ஒரு வாரம் வெற்றாக இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து 2018 தை வரை ஏறக்குறைய ஒரே அளவு மீட்டர். பொங்கலுக்கும் ஊர் நோன்புக்கும் மட்டும் குறைவு. அதன்பின் பத்து வாரம் வெற்று. பிறகு பாதி, சில வாரம் பாதிக்கும் குறைவு. மூன்று நோட்டிலும் எழுதியவர் வழக்கைக் கனவிலும் நினைத்தவர் அல்லர்.

அந்த நோட்டுக்குப் பயன் உண்டாக வேண்டுமானால் 2016-இன் வெற்று வாரம் என்னவென்று சொல்லியாக வேண்டும். முதல் விபத்தை மறைத்துக்கொண்டு நோட்டைக் காட்ட இயலாது. அவர் முன்னர்க் கேட்ட வினாவுக்கு விடை இவ்வாறு தானாகவே வந்து சேர்ந்தது. நான் அறவுரை சொல்ல வேண்டியிருக்கவில்லை. தலைமையாசிரியனுக்கு அது ஒரு சிறு ஏமாற்றந்தான்.

அவருடைய வழக்கறிஞர் இளைஞர், நல்லவர். முதலில் தயங்கினார், பின்பு ஒப்புக்கொண்டார். என் மாணவர் கூண்டில் ஏறி, பால் வண்டியைப் பற்றித் தாமே முதலில் சொன்னார். குறுக்கு விசாரணையில் அதை வெளிக்கொணர ஆயத்தமாக வந்திருந்த எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குக் கேட்க வேண்டிய கேள்விகள் பாதியாகக் குறைந்தன. தறி உரிமையாளர் வந்து தம் கையெழுத்தை அடையாளம் காட்டினார். மூன்றாம் நாள் வலிக்கும் விளக்கம் கிடைத்தது. பிதுங்கிய தட்டு நரம்பைச் சுற்றி அழற்சி உண்டாக்கச் சில நாள் ஆவதுண்டு என்று மருத்துவம் செய்த மருத்துவர் சாட்சியம் அளித்தார். மூன்றாம் நாள் சீட்டில் இடது பாதத்தைத் தூக்குவதில் தளர்ச்சி என்று எழுதியிருந்ததும், படத்தில் அழுத்தப்பட்டிருந்த நரம்பும் ஒன்றுக்கொன்று பொருந்தின. நிறுவனத் தரப்பு மருத்துவரும் கண்ணியமானவர். தேய்மானம் பழையது என்பதில் உறுதியாக நின்றார். ஆனால் அத்தேய்மானம் உள்ள எல்லோரும் வேலை செய்ய முடியாமல் இருப்பார்களா என்ற கேள்விக்கு, "இல்லை" என்று ஒரே சொல்லில் விடை தந்தார்.

நிபுணர் கருத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலும் உண்டு. அதற்கு மாற்றாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்திலும் உண்டு. ஆனால் அது கருத்துத்தான், தீர்ப்பு அன்று. இரு மருத்துவர்களும் ஒன்றாகச் சொன்னதையும், கூலி நோட்டு சொன்னதையும் சேர்த்து நீதிபதி எடை போட்டார்.

தீர்ப்பு முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் விபத்தே இயலாமைக்குக் காரணம் என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஊனச் சான்றிதழில் கண்ட விழுக்காட்டில் ஏறத்தாழப் பாதியைத்தான் பிழைப்பின் இழப்பாகக் கொண்டார்கள். மற்றத் தட்டுகளின் தேய்மானத்துக்கு ஒரு பங்கைக் கழித்ததாகவும், இலகுவான வேலை செய்ய அவரால் இயலும் என்று கருதியதாகவும் தீர்ப்பில் இருந்தது. அந்தக் கழிவு சரியா என்று இன்றும் எனக்கு ஐயம் உண்டு. தேய்ந்த முதுகோடு ஓர் ஆண்டுக்கு மேல் முழுக் கூலி வாங்கியவரிடம் தேய்மானத்துக்காகக் கழிப்பது எவ்வாறு பொருந்தும்? மேல்முறையீடு செய்யலாமே என்றேன். "போதுங்க ஐயா. பொண்ணு காலேஜ் சேரோணும், வந்த பணம் இப்ப வந்தாத்தான் ஆகும்" என்றார்.

இப்போது அவர் அதே தறிக்கூடத்தில் துணி மடித்து அளந்து கணக்கெழுதும் வேலையில் இருக்கிறார். கூலி முன்போல் இல்லை. நீதிமன்றத்திலிருந்து திரும்பி வந்த அந்த மூன்று நோட்டுகளின் அட்டையிலும் சான்றாவண எண்ணும் முத்திரையும் இருக்கின்றன. சென்ற பொங்கலுக்குப் போயிருந்தபோது நான்காவது நோட்டைக் காட்டினார். அதில் மற்றவர்களின் மீட்டர்க் கணக்கை இப்போது அவரே எழுதுகிறார். ஒவ்வொரு வாரமும், யார் யார் எத்தனை நாள் வரவில்லை, எதனால் என்று ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது.